சந்தைக் கதைகளின் ஸனது

கூஃபா நகர வணிகர் ஒருவர் பெண்கள் அணியும் முக்காட்டுத் துணிகளை விற்பதற்காக மதீனாவுக்குக் கொண்டுவந்தார். பிற நிறத் துணிகள் யாவும் விற்றுத் தீர்ந்தன. கறுப்புத் துணிகளை மட்டும் கேட்பாரில்லை. அவருக்குத் தாரமீ என்றொரு நண்பர் இருந்தார். ஒரு காலத்தில் கவிதையாலும் இசையாலும் பெயர் பெற்றிருந்த அவர், அவற்றையெல்லாம் துறந்து பள்ளிவாசலில் வணக்கத்தில் ஒதுங்கியிருந்தார். வணிகர் அவரிடம் தம் நிலையைச் சொல்லி வருந்தினார். நண்பருக்காகத் தாரமீ சில அடிகள் எழுதிக் கொடுத்தார். கறுப்பு முக்காடணிந்த அழகி ஒருத்தி, தொழுகைக்குப் புறப்பட்டுப் பள்ளிவாசல் வாயிலில் நின்ற ஓர் அடியாரின் மனத்தைக் கலைத்துவிட்டாள் என்பதே அவ்வடிகளின் பொருள். பாடகர் ஒருவர் அதற்கு இசையமைத்துப் பாடினார். 'தாரமீ துறவைக் கைவிட்டுவிட்டாராம்' என்ற பேச்சு ஊரெங்கும் பரவிற்று. மதீனாவில் நாகரிகம் அறிந்த மங்கையருள் கறுப்பு முக்காடு வாங்காதவர் இல்லை என்னும்படி ஆயிற்று. வணிகரின் சரக்குத் தீர்ந்தது. அச்செய்தி கிடைத்ததும் தாரமீ மீண்டும் தம் வணக்கத்திற்கே திரும்பிவிட்டார்.

அபுல் ஃபரஜ் அல்இஸ்ஃபஹானீ 'கிதாபுல் அகானீ'யில் பதிவு செய்துள்ள இந்நிகழ்ச்சியை அரபு இலக்கிய வகுப்புகளில் நகைச்சுவைக்காகச் சொல்வது வழக்கம். மாணவர்கள் சிரிப்பார்கள், நாமும் சிரித்துவிட்டு அடுத்த பாடத்திற்குச் செல்வோம். ஆனால் பொருளியல் நோக்கில் அதனைச் சற்று நின்று நோக்க வேண்டியிருக்கிறது. துணியின் தரம் மாறவில்லை, விலை குறைக்கப்படவில்லை, மதீனாவின் மக்கள் தொகையும் திடீரெனப் பெருகிவிடவில்லை. தேவையையும் வரத்தையும் கொண்டு விலையை விளக்கும் பாடநூல்கள், தேவை எங்கிருந்து வந்தது என்ற வினாவை இங்கே விடையின்றி விட்டுவிடுகின்றன. தேவை ஒரு கதையிலிருந்து வந்தது. அக்கதையும் துணியைப் பற்றியதன்று. துறவி ஒருவர் மனம் பிறழ்ந்தார் என்பதைப் பற்றியது. கறுப்புத் துணி அக்கதையின் விளிம்பில் இருந்தது, அவ்வளவே.

மேலைநாட்டுப் பொருளியல் இதனைத் தன் ஆய்வுப் பொருளாக ஏற்றது மிக அண்மைக் காலத்தில்தான். 2013-ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றவர்களுள் ஒருவரான ராபர்ட் ஷில்லர், 2017 ஜனவரியில் அமெரிக்கப் பொருளியல் சங்கத்தின் தலைமையுரையில் இதனையே பேசினார். 2019-இல் அதனை நூலாகவும் விரித்தெழுதினார். மக்கள் வாயில் உலவும் கதைகள் தொற்றுநோய்போல் பரவுகின்றன. வீடு வாங்குவதா, பங்கை விற்பதா, வேலைக்கு ஆள் சேர்ப்பதா என்னும் முடிவுகளை அவை திருப்புகின்றன. எனவே நோய்ப் பரவலைக் கணிக்க 1927-இல் கெர்மாக், மெக்கென்ட்ரிக் என்னும் இருவர் வகுத்த கணித முறையைக் கதைகளுக்கும் பொருத்திப் பார்க்கலாம் என்பது அவர் கூற்று. பயனுள்ள ஆய்வுதான். எனினும் எத்தனை வாய்கள் ஒரு கதையைச் சொல்லின என்று எண்ணுவதிலேயே அது பெரிதும் கருத்தைச் செலுத்துகிறது. முதலில் சொன்னவர் யார், அவர் கண்டது என்ன என்னும் வினாக்கள் நம் ஹதீஸ் கலையின் வினாக்கள். அவற்றைச் சந்தைக்குள் கொண்டுவந்தால் என்ன தெரியும் என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இப்னு கல்தூன் கண்ட புதையல்காரர்கள்

கதைக்கும் பொருளீட்டலுக்கும் உள்ள உறவை ஷில்லருக்கு ஏறத்தாழ 640 ஆண்டுகள் முன்னரே ஒருவர் கூர்ந்து ஆராய்ந்திருக்கிறார். இப்னு கல்தூன் (1332–1406) தம் 'முகத்திமா'வில், வாழ்க்கைத் தொழில்களைப் பற்றிய பகுதியில், புதையல் தேடுவது இயற்கையான பிழைப்பு வழியன்று என்று நிறுவுவதற்கெனத் தனி அத்தியாயம் ஒன்றை ஒதுக்கியுள்ளார்.

அவர் காலத்து வட ஆப்பிரிக்க நகரங்களில் ஒரு நம்பிக்கை வேரூன்றியிருந்தது. இஸ்லாத்திற்கு முன் அங்கு வாழ்ந்த கிறிஸ்தவர்கள் தம் செல்வத்தை மண்ணுக்குள் புதைத்து, மந்திரக் கட்டுப் போட்டு, அதனைத் திறக்கும் வழியை ஏடுகளில் எழுதிவைத்துச் சென்றனர் என்பதே அது. கிழக்கே எகிப்திலும் பிற நாடுகளிலும் கிப்திகள், ரோமர், பாரசீகர் ஆகியோரைப் பற்றி இதே கதை வழங்கிற்று. அக்கதைக்குக் கிளைக் கதைகளும் இருந்தன. முறை தெரியாமல் தோண்டியவர் வெற்றிடத்தையோ புழுக்களையோ கண்டார். இன்னொருவர் செல்வத்தைக் கண்டும் உருவிய வாளுடன் நின்ற காவலரால் நெருங்க முடியவில்லை. வேறொருவர் தோண்டுகையில் நிலம் அதிர்ந்தது. இக்கிளைக் கதைகளின் பயனை வாசகர்கள் கவனிக்க வேண்டும். தோல்வியே கதைக்குச் சான்றாகிவிடுகிறது. புதையல் கிடைக்கவில்லையென்றால் புதையல் இல்லை என்று பொருளாகாது. மந்திரத்தில் ஏதோ பிழை என்றே பொருளாகும். இவ்வாறு தனக்கெதிரான சான்றையும் தனக்கு உணவாக்கிக் கொள்ளும் கதை எளிதில் சாவதில்லை.

இக்கதையை வைத்துப் பிழைத்தவர்களையும் இப்னு கல்தூன் காட்டுகிறார். பெர்பர் நாட்டு மாணவர் சிலர், ஓரம் கிழிந்த பழந்தாள்களைக் கையில் எடுத்துக்கொண்டு செல்வர் வீடுகளை நாடிச் செல்வர். அத்தாள்களில் வேற்றுமொழி எழுத்துகள் இருக்கும். அல்லது வேற்றுமொழி ஏட்டின் பெயர்ப்பு என்று சொல்லப்படும் வாசகம் இருக்கும். புதையலின் இடம் தங்களுக்குத் தெரியுமென்றும், அதிகாரிகளின் தொல்லையிலிருந்து காக்கச் செல்வாக்குள்ளவர் துணை வேண்டுமென்றும் கூறிச் செலவுக்குப் பணம் பெறுவர். தாளின் ஓரம் கிழிந்திருக்க வேண்டும் என்பதில் எத்தனை நுட்பம்! இன்றைய வழவழப்பான வண்ண விளம்பரத் தாள் செய்யும் வேலையை அன்று அக்கிழிசல் செய்தது.

மக்கள் ஏன் இதற்கு இரையானார்கள்? அறிவுக் குறைவு என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் நகர்ந்துவிடவில்லை. வணிகம், வேளாண்மை, கைத்தொழில் ஆகிய இயல்பான வழிகளில் ஈட்ட இயலாமையும், ஆடம்பரப் பழக்கம் வருவாய்க்கு மேல் வளர்ந்துவிட்ட நெருக்கடியும் மனிதனை உழைப்பின்றி ஒரே நாளில் வரும் பெருஞ்செல்வத்தின் பக்கம் தள்ளுகின்றன என்கிறார். இதனாலேயே பெருநகரங்களில் வாழ்வோரிடம் இந்நோயை மிகுதியாகக் கண்டதாகவும் எழுதுகிறார். கதை விதையென்றால் நிலம் ஒன்று வேண்டுமல்லவா? அந்நிலத்தை அவர் அடையாளம் காட்டிவிட்டார்.

பிறகு அவர் தொடுக்கும் வினா அழகானது. செல்வத்தை மறைத்து மந்திரக் கட்டும் போட்ட ஒருவன், யார் வேண்டுமானாலும் கண்டெடுக்கும்படி அடையாளங்களை ஏட்டில் எழுதி வைப்பானா? மறைப்பவனின் நோக்கத்திற்கே அது முரணல்லவா? முன்னோரின் செல்வம் எங்கே போயிற்று என்ற கேள்விக்கும் விடை தருகிறார். பொன்னும் வெள்ளியும் இரும்பும் செம்பும் போன்ற கனிமங்களே. அவை நாடு விட்டு நாடு பெயர்கின்றன. உழைப்பும் குடியேற்றமும் எங்கே பெருகுகின்றனவோ அங்கே செல்வம் பெருகுகிறது. ஓரிடத்தில் குறைந்தது மண்ணுக்குள் போய்விட்டதாகக் கருத வேண்டியதில்லை.

எகிப்தைப் பற்றி அவர் கூறும் ஒரு செய்தி இன்னும் சுவையானது. அங்கே பண்டை மன்னர்கள் இறந்தோருடன் பொன்னையும் மணியையும் புதைத்தது உண்மை. ஆதலால் எப்போதோ ஒருவருக்கு ஏதோ கிடைத்ததும் உண்மை. அச்சிறு உண்மையைப் பற்றிக்கொண்டு மக்கள் கல்லறைகளைத் தோண்டினர். ஆட்சியின் பிற்காலத்தில் தொழில்கள்மீது வரி விதிக்கப்பட்டபோது, புதையல் தேடுவோர்மீதும் ஒரு வரி விதிக்கப்பட்டது! கதையை நம்பியவர் வரி கட்டினார். வரி பெற்ற அரசுக்கு மட்டும் அதில் உறுதியான வருவாய் கிடைத்தது.

நம் சந்தைகளில் இதற்கு நிகரான ஒன்றைக் கூற வேண்டுமானால் ஈமு கோழியைக் கூறலாம். ஆஸ்திரேலியப் பறவையின் எண்ணெய்க்கும் இறைச்சிக்கும் தோலுக்கும் உலகெங்கும் தேவை உள்ளது என்ற கதையை நம்பி, ஈரோடு மாவட்டம் பெருந்துறையை ஒட்டிய பகுதிகளில் விவசாயிகளும் ஓய்வு பெற்றோரும் பணத்தைக் கொட்டினர். பறவை கண்முன் நின்றது; மாதப் பணமும் வந்தது; வாங்குவோர்தாம் இல்லை. 2012-இல் அது சரிந்தபோது தீனியின்றிக் கிடந்த பறவைகளுக்கு இரை போட வேண்டிய பொறுப்பு அரசின் தலையில் விழுந்தது.

ஆயிரம் வாய், ஒரே மூலம்

பொய்க் கதை நல்ல நிறுவனத்தையும் வீழ்த்தும் நிலைக்குக் கொண்டுவரும் என்பதற்கு ஜப்பானில் ஒரு சான்று உண்டு. 1973 டிசம்பர், எண்ணெய் நெருக்கடியால் மக்கள் கலங்கியிருந்த காலம். அயிச்சி மாநிலத்தில் இரயிலில் சென்ற பள்ளி மாணவியர் மூவரில் ஒருத்திக்குத் தோயோகவா என்னும் ஊரின் சிறு வங்கியில் வேலை கிடைத்திருந்தது. 'வங்கி வேலை ஆபத்தாயிற்றே' என்று தோழியர் கேலி செய்தனர். கொள்ளையர் வரக்கூடும் என்ற பொருளில் சொல்லப்பட்ட விளையாட்டுப் பேச்சு. அவள் வீட்டுக்குச் சென்று, அந்த வங்கி ஆபத்தானதா என்று உறவினரிடம் கேட்டாள். அவர் இன்னொருவரிடம் கேட்டார். கேள்வியாகப் புறப்பட்டது, சில வாய்கள் மாறியதும் செய்தியாகிவிட்டது. சலவைக் கடையொன்றில் தொலைபேசியை இரவல் வாங்கிய ஒருவர், தம் சொந்த வணிகத் தேவைக்காக அவ்வங்கியிலிருந்து பெருந்தொகை எடுக்கும்படி வீட்டாரிடம் சொன்னார். அதைக் கேட்டிருந்த கடைக்காரர், முன்னர் காதில் விழுந்த செய்தி உறுதிப்பட்டதென்று கருதித் தெரிந்தவர்க்கெல்லாம் சொன்னார். மறுநாள் வங்கியின் முன் கூட்டம். வங்கிக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் எல்லாரும் ஒரே நாளில் பணத்தைத் திருப்பிக் கேட்டால் குறையில்லாத வங்கியும் குறையுள்ளதாகிவிடும். கதை தன்னைத் தானே மெய்யாக்கிக் கொள்ளும் வழி இதுவே. ஜப்பான் மைய வங்கி உறுதிமொழி தந்து நிலைமையை அடக்கியது.

அதன்பின் நடந்ததுதான் எம்மைப் போன்றோர்க்கு வியப்பளிப்பது. யாரேனும் திட்டமிட்டுப் பரப்பினாரா என்று ஐயுற்ற காவல்துறை, ஒவ்வொருவரையும் 'உமக்கு இதைச் சொன்னவர் யார்?' என்று கேட்டுக் கேட்டுப் பின்னோக்கிச் சென்று, இரயில் பெட்டியில் இருந்த அம்மாணவியரிடம் போய்ச் சேர்ந்தது. தாங்கள் செய்தது ஸனதைத் தேடும் பணி என்று அக்காவலர் அறிந்திருக்க மாட்டார்கள்! ஒரு செய்தி எவரிடமிருந்து எவருக்கு வந்தது என்னும் தொடரையே ஹதீஸ் கலையினர் ஸனது என்பர். செய்தியின் வாசகத்தைப் பார்ப்பதற்கு முன் அதன் தொடரைப் பார்ப்பது அவர்கள் நெறி.

இங்கே அக்கலையின் நுட்பமொன்றை விளக்குவது தேவையாகிறது. ஒரு செய்தியைப் பொய்யில் ஒன்றுபட முடியாத அளவு பெருந்தொகையினர் அறிவித்தால் அதனை முதவாதிர் என்பர். அது உறுதியான அறிவைத் தரும். ஆனால் அப்பெருந்தொகை தொடரின் ஒவ்வொரு படியிலும் இருக்க வேண்டும். செயல்கள் எண்ணங்களைப் பொறுத்தவை என்னும் பொருளுடைய, ஸஹீஹுல் புகாரீயின் முதலாவதாக அமைந்த ஹதீஸை எடுத்துக்கொள்வோம். அதனை உமர் (ரலி) அவர்களிடமிருந்து அல்கமா மட்டும், அவரிடமிருந்து முஹம்மத் இப்னு இப்ராஹீம் அத்தைமீ மட்டும், அவரிடமிருந்து யஹ்யா இப்னு ஸயீத் அல்அன்ஸாரீ மட்டும் என்று ஒற்றைக் கொடியாகவே தொடர் வருகிறது. யஹ்யாவுக்குப் பிறகு மிகப் பெருந்தொகையினர் அதனை அறிவித்தனர். உலகெங்கும் பரவிய அந்த ஹதீஸை நம் அறிஞர்கள் முதவாதிர் என்று சொல்லவில்லை. கீழே எத்தனை ஆயிரம் பேர் இருந்தாலும் மேலே ஒருவர்தாம் என்று பிரித்துக் காட்டினர். அது ஸஹீஹ் ஆனது பரவியதனால் அன்று. அந்த ஒற்றைக் கொடியில் இருந்த ஒவ்வொருவரும் சோதிக்கப்பட்டு நம்பகமானவர் எனக் கண்டறியப்பட்டதனால்.

இன்னொரு நிபந்தனையும் உண்டு. நாம் இதனை வகுப்பில் விரைந்து கடந்துவிடுவதுண்டு. பெருந்தொகையினரின் சான்று உறுதியைத் தருவது, அவர்கள் கண்டதிலும் கேட்டதிலும் மட்டுமே. அவர்கள் ஊகித்ததில் இல்லை. ஆயிரம் பேர் 'நாங்கள் பார்த்தோம்' என்றால் அது சான்று. ஆயிரம் பேர் 'நாங்கள் கருதுகிறோம்' என்றால் அது ஒரே கருத்தின் ஆயிரம் படிகளாகவும் இருக்கக்கூடும்.

பெங்களூரில் 2019-இல் நிகழ்ந்ததை இவ்வளவுகோலால் அளந்து பார்க்கலாம். 2006-இல் அங்கே தொடங்கப்பட்ட ஐ.எம்.ஏ. என்னும் நிறுவனம், வட்டியில்லா முதலீடு என்ற பெயரில் மக்களிடம் பணம் பெற்றது. தங்க வணிகத்தில் வரும் இலாபத்தைப் பங்கிடுவதாகச் சொல்லப்பட்டது. பணம் கொடுத்தவர்கள் 'பங்காளிகள்' எனச் சேர்க்கப்பட்டனர். சிவாஜிநகரில் ஓர் அரசுப் பள்ளியைத் தத்தெடுத்து அது புதுப்பித்தது. அந்நற்செயலும் கதையின் ஓர் ஏடாயிற்று. பணம் போட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் முஸ்லிம்கள். அவர்களுள் சிறு சேமிப்புடைய பெண்களும் விதவைகளும் ஓய்வு பெற்றோரும் ஏராளம். 2019 ஜூனில் அதன் நிறுவனர் ஓர் ஒலிப்பதிவை உலவவிட்டு விட்டு நாட்டை விட்டு வெளியேறினார். ஜூலையில் டில்லி விமான நிலையத்தில் கைது செய்யப்பட்டார். முறையிட்டோர் பல்லாயிரவர், தொகை ஏறத்தாழ 4,000 கோடி ரூபாய் என்று செய்திகள் கூறின. பின்னர் வழக்கு சி.பி.ஐ. விசாரணைக்குச் சென்றது. பின்னால் வந்தவர் பணத்தை முன்னால் வந்தவருக்கு இலாபம் என்று கொடுத்ததே குற்றச்சாட்டின் சாரம். 1920-இல் பாஸ்டன் நகரில் சார்ல்ஸ் போன்சி அஞ்சல் கூப்பன் கதையைச் சொல்லிச் செய்ததும் இதுவே.

'இத்தனை பேருக்கு மாதந்தோறும் இலாபம் வருகிறதே, இத்தனை பேரும் பொய் சொல்வார்களா?' என்று அன்று கேட்டனர். அவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் கண்டது, தங்கள் கையில் பணம் வந்ததை. அது தங்க வணிகத்தின் இலாபம் என்பதை அவர்களில் எவரும் காணவில்லை. 'பணம் வந்தது' என்பது பல்லாயிரம் பேரின் மெய்யான சாட்சியம். 'இலாபம் வந்தது' என்பதோ ஒரே ஒருவரின் கூற்று. முதல் சான்றின் பலம் இரண்டாவதன் கணக்கில் எழுதப்பட்டுவிட்டது. பொய்யர் ஒருவர் ஆயிரம் பொய்யரை விலைக்கு வாங்க வேண்டியதில்லை. உண்மை பேசும் ஆயிரம் பேரே போதும்.

இதனை நம் ஃபிக்ஹு நூல்கள் முற்றிலும் அறியாதவை அல்ல. வாங்கும் எண்ணமின்றி விலையை ஏற்றிக் கேட்கும் நஜ்ஷு தடுக்கப்பட்டுள்ளது. ஏலத்தில் கேட்பவன் ஒரு சொல்லும் பொய்யாகச் சொல்லாமலேயே 'இப்பொருளுக்கு இவ்விலை தகும்' என்னும் கதையைத் தன் செயலால் சொல்லிவிடுகிறான் என்பதால். ஊருக்கு வெளியே சென்று, சந்தை விலை அறியாத வணிகக் கூட்டத்தாரை வழிமறித்து வாங்குவதும் தடுக்கப்பட்டது. அவ்வாறு விற்றவர் சந்தைக்கு வந்து விலை அறிந்தபின் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ள உரிமையும் தரப்பட்டது. விலை பற்றிய செய்தி ஒருவர் வாயில் மட்டும் இருக்கலாகாது என்பதே இச்சட்டங்களின் உயிர்.

நம்பிக்கை இடம் மாறும் விதம்

மக்கள் பணத்தை ஏன் அங்கே கொண்டுபோய்க் கொடுத்தனர் என்பதற்குப் பேராசை என்று ஒரே சொல்லில் விடை கூறிவிடுவோர் உளர். எமக்கு அதில் உடன்பாடில்லை. வட்டிக்கு அஞ்சி வங்கியில் பணம் வைக்காதவர், வைத்தாலும் வட்டியை எடுத்து அறத்திற்குக் கொடுப்பவர், நம்மிடையே இன்றும் இருக்கின்றனர். விலைவாசி ஏற ஏற அவர்கள் சேமிப்புக் கரைகிறது. தொழில் நடத்தும் திறமை அவர்களுக்கு இல்லை. மார்க்கத்திற்கு ஒத்த முறையில் பணத்தை வைக்க நல்ல ஏற்பாடுகள் அருகில் இல்லை. இப்னு கல்தூன் சொன்ன நிலம் இங்கே ஆடம்பரத்தால் மட்டும் உழப்பட்டதன்று, இறையச்சத்தாலும் உழப்பட்டது. எனவே அங்கே விழுந்த விதை இன்னும் விரைந்து முளைத்தது.

அத்தகையோரிடம் கதையைக் கொண்டு சேர்ப்பவர் யார்? ஹரீஸா என்னும் உணவைப் பற்றிய செய்தி இங்கே பொருந்தும். கோதுமையும் இறைச்சியும் குழைய வேகவைத்துச் செய்யும் அவ்வுணவை ஜிப்ரீல் (அலை) நபி (ஸல்) அவர்களுக்கு வலிமைக்காக ஊட்டினார்கள் என்றொரு 'ஹதீஸ்' வழங்கிற்று. ஹதீஸ் அறிஞர்கள் அதன் தொடரைப் பிரித்து ஆராய்ந்து, முஹம்மத் இப்னுல் ஹஜ்ஜாஜ் அல்லக்மீ என்பவர்மீது போய் நின்றனர். ஹரீஸாக்காரர் என்றே அவரைக் குறிப்பிடுவர். இப்னுல் ஜவ்ஸீ அதனை இட்டுக்கட்டப்பட்டவற்றுள் சேர்த்தார். சரக்குக்கு வானவரின் நற்சான்று வாங்கிய அம்மனிதர், மக்கள் எதன்மீது நம்பிக்கை வைத்திருக்கிறார்கள் என்பதை நன்கு அறிந்திருந்தார்.

நற்சான்றின் எல்லையை இமாம் மாலிக் (ரஹ்) அவர்கள் காட்டியதுபோல் வேறு யாரும் காட்டியதாக நாம் அறியோம். நபி (ஸல்) அவர்களின் பள்ளிவாசல் தூண்களருகே தாம் எழுபது பேரைச் சந்தித்ததாகவும், அவர்களில் எவரிடமும் பொதுநிதியை நம்பி ஒப்படைக்கலாம் என்றும், ஆயினும் அவர்கள் இக்கலைக்கு உரியவர் அல்லர் என்பதால் அவர்களிடமிருந்து எதையும் தாம் பெறவில்லை என்றும் அவர்கள் கூறியதாக அறிவிக்கப்படுகிறது. ஒழுக்கம் வேறு, துறைத் திறமை வேறு. அதாலத் இருந்தும் ளப்த் இல்லையெனில் அறிவிப்பு ஏற்கப்படாது. நாம் இதனைத் தலைகீழாக்கிவிட்டோம். பயான் நன்றாகச் செய்கிறார் என்பதற்காக, அவர் சொல்லும் நிறுவனத்தின் கணக்கையும் நம்பினோம். பெங்களூர் வழக்கில் பள்ளிவாசல் இமாம் ஒருவரும் கைது செய்யப்பட்டார் என்பதை மனவேதனையுடன்தான் எழுத வேண்டியுள்ளது.

பிறரைச் சுட்டும் விரலை இங்கே நம்மை நோக்கியும் திருப்பியாக வேண்டும். அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன் நம் வட்டாரத்தில் வேறொரு சிறு நிறுவனம் இயங்கி வந்தது, பெயர் வேண்டியதில்லை. நம்மிடம் ஓதிய மாணவர் ஒருவரின் தந்தையார், இருபதாண்டு சபர் வாழ்க்கையை முடித்துத் திரும்பியவர், ஒருநாள் அஸருக்குப் பின் மதரஸாவுக்கு வந்தார். 'ஹஜ்ரத், ஒரு மஸ்அலா கேட்கணும். ஒருவர் முதல் போட்டு, இன்னொருவர் தொழில் செய்து, இலாபத்தைப் பங்கு பிரித்தால் கூடுமா?' என்று கேட்டார். முளாரபாவின் சட்டங்களை நாம் விரிவாகவே சொன்னோம். முதல் இவ்வளவு என்று தெரிந்திருக்க வேண்டும்; இலாபத்தில் பாதி, மூன்றில் ஒன்று என்று விகிதம் பேச வேண்டும், மாதம் இவ்வளவு ரூபாய் என்று பேசலாகாது; நட்டம் வந்தால் அது முதல் போட்டவரைச் சேரும். 'அவங்க தாளிலேயும் அப்படித்தான் எழுதியிருக்கு ஹஜ்ரத்' என்றார். அப்படியானால் கூடும் என்றோம். அவர்கள் யார் என்று நாம் கேட்கவில்லை. கேட்கப்பட்ட மஸ்அலாவுக்கு விடை சொல்வதே நம் பணி என்று எண்ணினோம்.

சில வாரங்கள் கழித்து ஒரு நிகாஹ் விருந்தில், நம்மை அறியாத ஒருவர் பக்கத்திலிருந்தவரிடம், 'இன்ன மதரஸா ஹஜ்ரத்தே அந்தக் கம்பெனியில் போடலாம்னு சொல்லிட்டாங்களாம்' என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஒப்பந்த வகையொன்றைப் பற்றி நாம் சொன்ன சட்டம், இரண்டு மூன்று வாய்கள் கடந்ததும் ஒரு நிறுவனத்திற்கு நாம் அளித்த தஃதீலாக மாறியிருந்தது. தோயோகவாவில் கேள்வி செய்தியானதுபோல. அங்கேயே எழுந்து மறுத்திருக்கலாம். விருந்தின் நடுவே வாக்குவாதம் எதற்கு என்று பேசாதிருந்துவிட்டோம். நம் சொல்லுக்கு மதிப்பிருக்கிறது என்று மனத்தின் ஒரு மூலை மகிழ்ந்ததா என்பதை இன்றுவரை நம்மால் உறுதியாக மறுக்க இயலவில்லை.

ஒன்றை அப்போதே கவனித்திருக்க வேண்டும். அந்நிறுவனத்தின் தாளில் விகிதம் எழுதியிருந்தது. ஆனால் மாதாமாதம் கைக்கு வந்த தொகை ஒரு ரூபாயும் ஏறாமல் இறங்காமல் இருந்தது. சரக்கின் விலை நாள்தோறும் ஏறி இறங்கும் ஒரு வணிகத்தில் இலாபம் மட்டும் அசையாமல் நிற்குமானால், அது வணிகத்திலிருந்து வருவதன்று என்பதை உணர ஃபிக்ஹு அறிவுகூடத் தேவையில்லை. எந்தக் காய்கறிக் கடைக்காரரும் சொல்லிவிடுவார். முளாரபாவின் நிபந்தனைகளை வரிசையாகச் சொன்ன நாம், அவரிடம் 'போன மாதம் எவ்வளவு தந்தார்கள், அதற்கு முந்திய மாதம் எவ்வளவு?' என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும்.

ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளில் அலுவலகம் பூட்டப்பட்டது. அத்தந்தையார் அதன்பின் ஒருமுறை மதரஸாவுக்கு வந்தார். குறை சொல்ல வருகிறார் என்று எண்ணி நாம் சொற்களைத் தேடிக்கொண்டிருந்தோம். அவர் உட்கார்ந்து, தேநீர் அருந்தி, மகனின் வேலையைப் பற்றிப் பேசினார். எழும்போதுதான் கேட்டார்: 'ஹஜ்ரத், நீங்க அன்னைக்குச் சொன்ன மஸ்அலா சரிதானே? முளாரபா கூடும்தானே?' தம் பணம் போனதைவிடத் தாம் ஹராமில் விழுந்துவிட்டோமோ என்பதே அவர் கவலையாக இருந்தது. கூடும்தான் பாய், மஸ்அலா சரிதான் என்றோம். அவர் அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதன்பின் இத்தகைய கேள்வியுடன் வருவோரிடம் நாம் சட்டத்தை உடனே சொல்வதில்லை. நிறுவனம் எது, இலாபம் வந்ததை உங்களுக்குச் சொன்னவர் யார், அவர் கண்டது பணத்தையா கணக்கையா, தணிக்கை செய்தவர் யார் என்று முதலில் கேட்கிறோம். சிலர் தாளைக் கொண்டுவந்து காட்டுகின்றனர். பலர் விசாரித்து வருகிறோம் ஹஜ்ரத் என்று எழுந்து போகின்றனர். அவர்களுள் திரும்பி வந்தவர் குறைவு. வேறு யாரிடமாவது சுருக்கமான விடை கிடைத்திருக்கும் என்றே எண்ணுகிறோம்.